போதையை விட்ட நான்காவது வாரம்

பஞ்சாபி மொழியில் "தோட்" என்று ஒரு சொல் இருக்கிறது. குறைவு, பற்றாக்குறை என்பது அதன் பொருள். ஹெராயினுக்கு அடிமையான ஒருவர் அது கிடைக்காமல் படும் அவஸ்தையையும் அங்கே இதே சொல்லால்தான் குறிப்பிடுகின்றனர். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். உடல் முழுவதும் மயிர்க்கூச்செறியும். எலும்பைப் பிழிவது போல வலி எடுக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என ஒவ்வொன்றாக வந்து சேரும். எதன் பற்றாக்குறை இது என்று கேட்டால், போதைப் பொருளின் பற்றாக்குறை என்பதே ஊரார் தரும் பதில். அந்தப் பதில் பாதிதான் சரி என்கின்றன மூளை ஆய்வுகள். உடலின் துடிப்பு அடங்கிய பிறகும், மூளைக்குள் இன்னொரு பற்றாக்குறை சத்தமின்றி நீடிக்கிறது. அதில் முக்கியப் பங்கு வகிக்கும் வேதிப்பொருளின் பெயர் செரடோனின்.

ஆய்வுக்கூடத்துச் செய்தி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. போதைக்கு எதிராக நமது அரசுகள் வகுக்கும் திட்டங்கள், வைக்கும் கெடுக்கள், இயற்றும் சட்டங்கள் ஆகிய அனைத்தும், பழக்கத்தை விட்டவருக்கு ஏன் மீண்டும் அந்த வேட்கை எழுகிறது என்ற ஒரே கேள்விக்குத் தரப்படும் பதிலைப் பொருத்தவை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் (எய்ம்ஸ்) தேசிய போதை அடிமை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வின் அறிக்கை 2019 பிப்ரவரியில் வெளியானது. நாட்டு மக்களில் சுமார் 2.1 சதவீதம் பேர், அதாவது 2.26 கோடிப் பேர், அபினி, ஹெராயின், வலி நிவாரணி மாத்திரை என ஏதேனும் ஒரு அபினி வகைப் பொருளைப் பயன்படுத்துகின்றனர் என்றது அந்த அறிக்கை. கிராமங்களில் தலைமுறைகளாகப் புழங்கிவந்த அபினியை ஹெராயின் முந்திவிட்டது என்பதும் அதில் தெரியவந்தது. போதைப் பொருளை ஊசி மூலம் ஏற்றிக்கொள்வோர் மட்டும் சுமார் 8.5 லட்சம் பேர். மக்கள்தொகை விகிதத்தில் மிசோரம், நாகாலாந்து, மணிப்பூர் போன்ற வடகிழக்கு மாநிலங்களோடு பஞ்சாப், ஹரியாணா, தில்லி ஆகியவை முன்வரிசையில் நிற்கின்றன.

நான்கு வாரச் சத்தியம்: 2015 டிசம்பரில் பதிண்டாவில் நடந்த பொதுக்கூட்டத்தில், அன்றைய பஞ்சாப் காங்கிரஸ் தலைவர் அமரீந்தர் சிங் சீக்கியர்களின் புனிதப் பிரார்த்தனை நூலைக் கையில் ஏந்தி, ஆட்சிக்கு வந்தால் நான்கே வாரங்களில் போதைப் பொருளின் முதுகெலும்பை முறிப்பதாகச் சத்தியம் செய்தார். 2017 மார்ச்சில் முதல்வரானார். அந்தச் சத்தியம் அவர் ஆட்சிக் காலம் முழுவதும் எதிர்க்கட்சிகளின் கைகளில் ஆயுதமாக இருந்தது. பின்னர் ஆட்சிக்கு வந்த ஆம் ஆத்மி கட்சி அரசு, 2025 மார்ச் 1-ம் தேதி "போதைக்கு எதிரான போர்" என்ற பெயரில் பெரும் நடவடிக்கையைத் தொடங்கி, மூன்று மாதக் கெடு வைத்தது. கட்சிகள் மாறின, கெடு வைக்கும் பழக்கம் மாறவில்லை.

வியாபாரிகளைப் பிடிக்கக் கெடு வைப்பதில் தவறில்லை. ஆனால் சரக்கு நின்ற மறுநாள் காலையில் லட்சக்கணக்கானோரின் உடல் துடிக்கத் தொடங்கும். அந்தத் துடிப்புக்கும் அதன் பின் வருவதற்கும் மூளை வேறொரு நாள்காட்டி வைத்திருக்கிறது.

ஹெராயினை நிறுத்திய எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் உபாதைகள் தொடங்கும். இரண்டாவது, மூன்றாவது நாள்களில் உச்சத்தைத் தொடும். ஒரு வாரம் அல்லது பத்து நாள்களில் பெருமளவு தணிந்துவிடும். இந்த முதல் கட்டத்தின் சூத்திரதாரி செரடோனின் அல்ல. நார்அட்ரினலின் என்ற மற்றொரு வேதிப்பொருள். மூளைத் தண்டில் உள்ள சிறியதொரு நரம்புத் தொகுதி அதைச் சுரக்கிறது. அபினி வகைப் பொருள் பல மாதங்களாக அந்தத் தொகுதியை அழுத்தி வைத்திருக்கும். அழுத்திய கை விலகியதும் அது கட்டுக்கடங்காமல் சீறுகிறது. நெஞ்சுப் படபடப்பும் வியர்வையும் நடுக்கமும் அதனால் வருபவை. ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் குளோனிடின் என்ற சாதாரண மாத்திரையே இந்தச் சீற்றத்தைத் தணிக்கும் என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1978-ல் காட்டினர். இன்றும் அது பயன்பாட்டில் உள்ளது.

முதல் கட்டத்தின் கதை இத்துடன் முடிகிறது. நமது போதை மறுவாழ்வு மையங்களில் பலவற்றின் கதையும் இத்துடனேயே முடிந்துவிடுகிறது என்பதுதான் சிக்கல்.

மூளைக்குள் நடப்பது: செரடோனின் 1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் மருத்துவ ஆய்வாளர்களால், ரத்த நாளத்தைச் சுருக்கும் ஒரு பொருளாக, ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது மூளையிலும் இருக்கிறது என்பதை 1953-ல் பெட்டி ட்வாராக் என்ற இளம் பெண் விஞ்ஞானி கண்டறிந்தார். உடலில் உள்ள செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அந்தச் செரடோனின் ரத்தம் வழியாக மூளைக்குள் நுழைய முடியாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. (செரடோனினை உண்டு மகிழ்ச்சி பெறலாம் என்று சொல்லும் விளம்பரங்களை வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.)

மூளைத் தண்டின் நடுக்கோட்டில், இரு பாதிகளையும் சேர்த்துத் தைத்தது போல, சில நரம்புத் தொகுதிகள் அமைந்துள்ளன. தையல் என்று பொருள்படும் "ராஃபே" என்ற கிரேக்கச் சொல்லே அவற்றுக்குப் பெயராயிற்று. மூளையின் செரடோனின் இங்கிருந்துதான் பெரும்பகுதி கிளம்புகிறது. மனநிலை, உறக்கம், பசி, பிறரோடு பழகும் விருப்பம், ஏமாற்றத்தைத் தாங்கும் திறன் எனப் பலவற்றில் இதற்குப் பங்குண்டு.

ராஃபே நரம்பணுக்களுக்கு அருகிலேயே அவற்றுக்குக் கடிவாளம் போடும் நரம்பணுக்களும் உள்ளன. ஹெராயினோ மார்ஃபினோ உள்ளே சென்றதும் அந்தக் கடிவாளம் தளர்கிறது; செரடோனின் தாராளமாகப் பாய்கிறது. நாள்தோறும் இது நடந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. கடிவாளத்தை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. போதைப் பொருள் உள்ளே இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். அது நின்ற நாளில் இறுகிய கடிவாளம் மட்டும் மிஞ்சும். நாள்பட்ட மார்ஃபின் பயன்பாடு ராஃபே தொகுதியில் இந்தக் கடிவாளத்தின் வலுவைக் கூட்டிவிடுகிறது என்பது 2000-ம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் விலங்குகளின் மூளையில் நேரடியாகக் காட்டப்பட்டது.

பிரான்ஸில் ஸ்டிராஸ்பர்க் நகரை ஒட்டியுள்ள ஆய்வுக்கூடத்தில், பிரிஜித் கீஃபெர் தலைமையிலான குழுவினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. எலிகளுக்கு மார்ஃபின் பழக்கி, பின்னர் நிறுத்தினர். உடல் உபாதைகள் வழக்கம்போல நாளடைவில் தணிந்தன. அத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணத் தோன்றும். ஆனால் நான்கு வாரங்கள் கழித்துப் பார்த்தபோது, அந்த எலிகள் மற்ற எலிகளோடு பழகுவதைத் தவிர்த்தன; நெருக்கடியில் முயற்சியைக் கைவிட்டு அசையாமல் கிடந்தன. முதல் வாரத்தில் தென்படாத நிலை இது. செரடோனின் அமைப்பிலும் மாற்றங்கள் காணப்பட்டன. போதை நிறுத்திய காலத்தில் செரடோனினை நரம்பிடைவெளியில் கூடுதல் நேரம் நிற்கச் செய்யும் ஃப்ளூவாக்செட்டின் மருந்தைக் கொடுத்த எலிகளிடம் இந்தச் சோர்வு தோன்றவில்லை. ஹெராயின் பழக்கிய எலிகளிலும் இதேபோன்ற தனிமை நாட்டமும் சோர்வும் தோன்றுவதை அக்குழுவினர் 2014-ல் காட்டினர்.

எலியின் நான்கு வாரமும் மனிதனின் நான்கு வாரமும் ஒன்றல்ல. இரண்டாண்டு வாழும் பிராணியின் நாள்கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. மனிதர்களில் இந்த இரண்டாம் கட்டம் மாதக்கணக்கில் நீடிப்பதை மருத்துவர்கள் அன்றாடம் காண்கின்றனர். எதிலும் ருசி இல்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, இரவு முழுவதும் விழிப்பு, சிறு சொல்லுக்கும் சீற்றம். "உடம்பு தேறிவிட்டதே, இன்னும் என்ன?" என்று குடும்பத்தினர் கேட்கத் தொடங்கும் நேரமும் இதுதான். வேட்கை எழுவது இந்த வெறுமையிலிருந்துதான். முன்பு இன்பத்துக்காக எடுத்தவர், இப்போது இந்த இருளிலிருந்து சில மணி நேரம் வெளியே வருவதற்காக எடுக்கிறார்.

இதில் மன அழுத்தத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். மன அழுத்தத்தின்போது மூளையில் டைனார்ஃபின் என்ற பொருள் சுரக்கிறது. இன்பத்தோடு தொடர்புடைய பகுதியில் செரடோனின் விரைவாக உறிஞ்சி அகற்றப்பட அது காரணமாகிறது என்பதை சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் கண்டனர். கடன்காரர் வாசலில் நிற்பதும், வேலை கிடைக்காததும், காவல் நிலையத்துக்கு அழைக்கப்படுவதும் வெறும் சமூகப் பிரச்னைகளாக வெளியிலேயே நின்றுவிடுவதில்லை. மூளையின் வேதியியலுக்குள்ளும் நுழைகின்றன.

வியத்நாமில் 1971-ல் பணியாற்றிய அமெரிக்கப் படையினரில் சுமார் ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்ததாக லீ ராபின்ஸ் நடத்திய புகழ்பெற்ற ஆய்வு கூறியது. நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானோர் சுமார் 5 சதவீதமே. போர்க்களத்தையும் பொட்டலத்தையும் ஒருசேரப் பின்னால் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். தரண்தாரனிலோ மோகாவிலோ சிகிச்சை முடிந்து வெளியே வரும் இளைஞர் எங்கே திரும்புகிறார்? அதே தெருவுக்கு, அதே நண்பர்களிடம், அதே வேலையின்மைக்கு. எலிக் கூண்டைப் பார்த்து மட்டும் கொள்கை வகுக்கக் கூடாது என்பதற்காக இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

ஒரு மாத்திரையால் தீருமா? செரடோனின்தான் காரணம் என்றால் அதைச் சரிசெய்யும் மருந்தைக் கொடுத்தால் போதுமே என்ற எண்ணம் இயல்பாக எழும். அறிவியலும் அந்த வழியில் சென்று பார்த்திருக்கிறது.

வாந்தியை நிறுத்த நம் ஊர் மருந்துக் கடைகள் அனைத்திலும் கிடைக்கும் ஆன்டன்செட்ரான், செரடோனினின் ஏற்பிகளில் ஒரு வகையை அடைத்து வேலை செய்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல், எலிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, மார்ஃபின் சார்பு நிலையின் கடுமைக்கும் இந்த ஏற்பிக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டறிந்தனர். எட்டு ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடத்திய சோதனையிலும் ஆன்டன்செட்ரான் உபாதைகளைக் குறைத்தது. விலை மலிவான, பாதுகாப்பான, பழக்கமான மருந்து. நம்பிக்கை பிறந்தது. ஆனால் வலிக்காக நீண்டகாலம் அபினி வகை மருந்து எடுத்துவந்த நோயாளிகளிடம் பின்னர் முறையாகச் சோதித்தபோது, சார்பு நிலையை அது தடுக்கவில்லை என்று அதே குழுவினர் 2018-ல் அறிவித்தனர். தங்கள் கண்டுபிடிப்பையே தாங்கள் மறுத்து எழுதும் நேர்மை பாராட்டத்தக்கது.

மனச்சோர்வு மருந்துகளின் கதியும் ஏறக்குறைய இதுவே. எலிகளிடம் பலன் தந்த அணுகுமுறை, மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் தெளிவான பலனைக் காட்டவில்லை. பல சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பு 2010-ல், அபினி வகைச் சார்பும் மனச்சோர்வும் உள்ளோருக்கு இம்மருந்துகளைப் பொதுவாகப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே கூறியது. தனியே மனச்சோர்வு நோய் உள்ளவருக்கு மருத்துவர் அவற்றைத் தருவது வேறு விஷயம்.

இங்கே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஜெர்மனியில் 1977-ல் விற்பனைக்கு வந்த டிரமடால் என்ற வலி நிவாரணி, அபினி வகை ஏற்பியைத் தூண்டுவதோடு செரடோனின் உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. ஒரே மாத்திரையில் இரண்டு வேலை. பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் ஹெராயின் கிடைக்காதவர்கள் இதைக் கைப்பிடி கைப்பிடியாக விழுங்கினர். மத்திய அரசு 2018 ஏப்ரலில் இதைப் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இதை நிறுத்தும்போது வரும் துன்பமும் இரு முகம் கொண்டது. அமெரிக்காவில் 2003-ல் வெளியான ஆய்வின்படி, டிரமடால் நிறுத்திய உபாதைகளில் எட்டில் ஒன்று வழக்கத்துக்கு மாறானது: கடும் பீதி, சந்தேகம், இல்லாததைக் காணும் பிரமை. இதோடு மனச்சோர்வு மாத்திரையும் சேர்ந்தால் செரடோனின் அளவுமீறிப் போய்க் காய்ச்சல், தசை இறுக்கம், மனக்குழப்பம், வலிப்பு என உயிருக்கே உலை வைக்கும். போலி மருத்துவர்கள் நடத்தும் "மறுவாழ்வு இல்லங்களில்" எந்த மாத்திரையோடு எந்த மாத்திரை கலக்கிறது என்பதைக் கண்காணிக்க யார் இருக்கிறார்கள்? வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் பற்றிய செய்திகள் சென்னையிலிருந்தும் வந்தவண்ணம் இருப்பதால், இது வடபுலத்துக் கவலை மட்டும் என்று நாம் இருந்துவிட முடியாது.

தெளிவித்து அனுப்பும் சிகிச்சை: பத்து நாளோ இருபத்தொரு நாளோ உள்ளே வைத்து, உடலைத் தெளிவித்து வீட்டுக்கு அனுப்புவதே சிகிச்சை என்ற எண்ணம் நம் நாட்டில் ஆழமாக வேரூன்றியுள்ளது. சில தனியார் இல்லங்களில் பூட்டும் அடியும்கூட அந்தச் சிகிச்சையின் பகுதிகள். மேலே சொன்ன நாள்காட்டியோடு இதை ஒப்பிட்டால் விபரீதம் புரியும். மனதின் பற்றாக்குறை தலைதூக்கும் நேரத்தில் நோயாளி தனியே விடப்படுகிறார். அதற்குள் அவரது உடல் போதைப் பொருளைத் தாங்கும் சக்தியையும் இழந்திருக்கும். பழைய நினைவில் பழைய அளவை ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். லண்டனில் உள்நோயாளிகளாகச் சிகிச்சை பெற்ற 137 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், சில மாதங்களுக்குள் அளவு மீறி இறந்தவர்கள், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் அல்லர். முழுமையாக முடித்து உடல் தெளிந்து வெளியேறியவர்கள்.

உலக அளவில் நிலைத்த பலன் தந்திருப்பது நீண்டகால மாற்று மருந்துச் சிகிச்சையே. புப்ரெநார்ஃபின் என்ற மருந்து அபினி வகை ஏற்பியில் அமர்ந்து, அதை அரைகுறையாக மட்டும் தூண்டுகிறது. துடிப்பும் வேட்கையும் தணியும்; கிறக்கம் குறைவு; மூச்சு அடங்கும் ஆபத்தும் குறைவு. அதோடு நலாக்சோன் சேர்த்துத் தருவதால் கரைத்து ஊசியில் ஏற்றினால் எதிர்விளைவு உண்டாகும். மாதங்கள், தேவைப்பட்டால் ஆண்டுகள், மூளைக்கு அவகாசம் கிடைக்கிறது. நான்கு வாரச் சத்தியம் செய்த அதே அமரீந்தர் சிங் அரசுதான், 2017 அக்டோபரில் அமிர்தசரஸ், தரண்தாரன், மோகா மாவட்டங்களில் இதற்கான புறநோயாளி மையங்களைத் தொடங்கியது. இன்று மாநிலம் முழுவதும் இவை ஐந்நூறைத் தாண்டிவிட்டன. சத்தியம் தலைப்புச் செய்தியானது. மையங்களின் தொடக்கத்துக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்ற கேள்வி அரசியல் மேடைகளிலும் மதச் சபைகளிலும் எழாமல் இல்லை. இந்த மாத்திரை கள்ளச்சந்தைக்குப் போகிறது என்ற புகாரிலும் உண்மை உண்டு. கண்காணிப்பு இறுக வேண்டும். ஆனால் இதை நிறுத்திவிட்டு மனவலிமையை மட்டும் நம்புவோம் என்பவர்கள், இறுகிப்போன அந்தக் கடிவாளத்தை மனவலிமை எத்தனை வாரத்தில் தளர்த்தும் என்பதைச் சொல்ல வேண்டும்.

தில்லியின் சட்டப் புத்தகங்களிலும் இந்தக் குழப்பம் பதிந்துள்ளது. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், போதைப் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை நோய் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. 1985-ம் ஆண்டு போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-வது பிரிவோ, ஹெராயின் போன்றவற்றை உட்கொள்வதற்கு ஓராண்டு வரை கடுங்காவல் அல்லது ரூ. 20 ஆயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கிறது. தாமாக முன்வந்து சிகிச்சை பெறுவோர் மீது வழக்குத் தொடர வேண்டாம் என 64-ஏ பிரிவு சலுகை அளிக்கிறது. ஆனால் சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்தச் சலுகையைத் திரும்பப் பெறலாம். திரும்பத் திரும்ப வழுக்கி விழுவதையே இயல்பாகக் கொண்ட நோயில், முழுமையாக முடிந்த சிகிச்சை எது என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை.

பஞ்சாபின் மையங்களில் தொடக்கத்தில் நோயாளி நாள்தோறும் நேரில் வந்து, ஊழியரின் கண்ணெதிரே மாத்திரையை நாவடியில் வைத்துக் கரைக்க வேண்டியிருந்தது. விவசாயக் கூலிக்கும் லாரி ஓட்டுநருக்கும் அந்த வரிசையில் நிற்பதென்றால் அன்றைய வருமானம் போயிற்று. இதனாலேயே பலர் வருவதை நிறுத்தினர். 2020 மார்ச்சில் கரோனா பொது முடக்கம் வந்தபோது வேறு வழியின்றிப் பல நாள்களுக்கான மாத்திரைகளை வீட்டுக்கே கொடுத்தனுப்ப அரசு அனுமதித்தது. அதன் பிறகு மையங்களில் பதிவு செய்துகொள்ள வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது.